வீட்டுக் கொல்லைக்குக் காற்றுத் துப்பாக்கி: வாங்குமுன் அறிய வேண்டிய விஷயங்கள்

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

சென்ற தை மாதத்தில் சானமாவுப் பக்கத்துச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பரிசோதனை செய்யச் சென்றிருந்தேன். அலுவல் முடிந்து புறப்படும் தறுவாயில் அங்கத்தினர் நால்வர் என்னைச் சூழ்ந்துகொண்டு, "இன்ஸ்பெக்டர் ஐயா, கொல்லையில் எலித் தொல்லை பொறுக்க முடியவில்லை. காற்றுத் துப்பாக்கி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறோம். குறைந்த விலையில் எது நல்லது?" என்று வினவினர். திருவிழாக் கடைகளில் பலூன் சுடுவதற்கு வைத்திருக்கும் துப்பாக்கியையன்றி வேறொன்றையும் அவர்கள் கையில் எடுத்ததில்லை. அன்று வாய்மொழியாகக் கூறிய விடையையே மற்றச் சங்கத்து அங்கத்தினர்களுக்கும் பயன்படும்படி இங்கே விரித்து எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே கூறி விடுகிறேன். முதன்முறையாக வாங்குவோர்க்கு ஏற்றது, குழலை மடித்து இழுக்கும் சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கியே. அதன் குழல் 4.5 மில்லிமீட்டர் அளவினதாயும், அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டதாயும் இருத்தல் வேண்டும். வலிமையை நோக்கி வாங்காமல், குறி தவறாமையை நோக்கி வாங்குக. ஆயினும், எலிப்பொறி, தானியப் பாதுகாப்பு, கொல்லைச் சுத்தம் ஆகிய மூன்றும் செய்து முடித்த வீட்டிற்கே துப்பாக்கி ஏதேனும் உதவும். அவற்றைச் செய்யாத வீட்டிற்கு அது வீண் செலவு.

1. எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில், காப்புக்காட்டை ஒட்டி அமைந்தது சானமாவு. கேழ்வரகு, அவரை, தக்காளி, மலர்ச் செடிகள் ஆகியவை இப்பக்கத்துக் குடியானவரின் ஜீவனம். கேழ்வரகு கதிர் முற்றும் காலத்தில் யானைக் கூட்டங்கள் இக்காட்டிற்கு வந்து தங்குவது யாவரும் அறிந்ததே. பன்றியும் மயிலும் குரங்கும் வருகின்றன. வீட்டிற்குள்ளே எலியும் பெருச்சாளியும் இருக்கின்றன. இத்தனை பிராணிகளால் நஷ்டமடையும் குடியானவர், ஒரு துப்பாக்கி வாங்கினால் எல்லாவற்றிற்கும் ஆகும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அவ்வெண்ணம் பெரும் பிழை.

காற்றுத் துப்பாக்கியின் குண்டு அரை கிராம் எடையுள்ள சிறு ஈயத் துண்டு. பத்து மீட்டர், அதாவது முப்பத்து மூன்று அடித் தூரத்தில், அசையாது நிற்கும் எலி ஒன்றை அது வீழ்த்தும். பன்றியின் தோலில் அது தைத்தால் புண்ணாகுமேயன்றிப் பன்றி விழாது. யானையின் மீது பட்டாலோ, அதற்குச் சினமூட்டுவதன்றி வேறொன்றும் செய்யாது. சினங்கொண்ட யானையின் முன் நிற்பவர் சுட்டவராகவே இருப்பர் என்பதில்லை. மறுநாட் காலையில் அவ்வழியே பால் கொண்டு செல்லும் பெண்மணியாகவும் இருக்கலாம். ஆதலின், காட்டு மிருகங்களின் பொருட்டு இக்கருவியை வாங்க நினைப்பவர் அந்நினைவை இன்றே விட்டொழிக்க வேண்டுகிறேன்.

எலியின் விஷயத்திலும் இதன் பயன் சிறிதே. எலி சுமார் மூன்று வாரத்திற் குட்டி ஈனும். ஓர் ஈற்றிற்கு ஐந்து முதல் பத்துக் குட்டிகள் வரை இருக்கும். அக்குட்டிகளும் ஏறக்குறைய மூன்று மாதத்தில் ஈனத் தொடங்கும். இரவெல்லாம் விழித்திருந்து ஒன்றிரண்டைச் சுட்டு வீழ்த்துவதால் அக்கணக்குச் சரிப்படாது. மேலும் எலி இருளில் நடமாடுவது. துப்பாக்கிக்கோ வெளிச்சம் வேண்டும். அரை அங்குலத் துவாரம் இருந்தால் எலி உள்ளே நுழைந்துவிடும். அத்துவாரத்தைச் சிமிட்டியும் கண்ணாடிச் சில்லும் இட்டு அடைத்தல், தானியத்தைத் தகர டிரம்மிலோ மூடியுள்ள குதிரிலோ வைத்தல், மாட்டுத் தொழுவத்தில் தீவனத்தைச் சிந்தவிடாமை, வயலிற் தஞ்சாவூர்க் கிட்டியும் வீட்டிற் கூண்டுப் பொறியும் வைத்தல் ஆகியவையே கூட்டத்தைக் குறைப்பன. இவ்வளவும் செய்த பின்னர், பொறிக்கு அகப்படாத தந்திரமுள்ள கிழட்டு எலி ஒன்று தொழுவத்தின் மூலையில் மாலைதோறும் தென்படுமாயின், அதற்குத் துப்பாக்கி பிரயோஜனப்படும்.

2. சட்டம் கூறுவது

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் இந்தியா முழுவதற்கும் பொது. ஆகவே ஓசூரில் வாங்கினாலும் எல்லை கடந்து பெங்களூரில் வாங்கினாலும் விதி ஒன்றே. குழலின் அளவு 4.5 மில்லிமீட்டருக்கும், குழல்வாயில் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. இவ்விரண்டில் ஒன்று மிகுந்தாலும் உரிமம் இன்றி வைத்திருத்தல் குற்றமாகும். மற்ற நாடுகளிலும் இவ்வித வரம்பு உண்டு. பிரிட்டனில் ஏறக்குறைய 16 ஜூலும் ஜெர்மனியில் 7.5 ஜூலும் வரம்பாக வைத்திருக்கின்றனர்.

உரிமம் வேண்டாத துப்பாக்கியை வாங்கும்போதும் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து, ரசீது பெற்று, அதனைப் பத்திரப்படுத்துக. ரசீதில்லாத பழைய துப்பாக்கியை மலிவென்று வாங்கலாகாது. அதன் குழல் மாற்றப்பட்டதா, ஸ்பிரிங் மாற்றப்பட்டதா என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை.

அடுத்தது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். இதைப் பற்றி நம் கிராமங்களிற் பழைய பேச்சொன்று இன்னும் நடமாடுகிறது. காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி ஆகியன தீங்குயிர்கள் என்று அச்சட்டத்தின் ஐந்தாம் பட்டியலில் இருந்தது உண்மை. ஆனால் 2022-ஆம் ஆண்டின் திருத்தம் அப்பட்டியலையே எடுத்துவிட்டது. அத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. இனி, மத்திய சர்க்கார் தனி அறிவிப்பின் மூலம் ஓர் இடத்திற்கும் ஒரு காலத்திற்கும் குறிப்பிட்டு அறிவித்தாலன்றி எப்பிராணியும் தீங்குயிர் ஆகாது. ஆகவே "காகத்தைச் சுடலாம்" என்ற சொல் செல்லாது. மயில் முதற் பட்டியலைச் சேர்ந்தது. அப்பட்டியலிலுள்ள பிராணியைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. கிளி, குரங்கு, பன்றி ஆகியவையும் சட்டத்தின் காவலில் உள்ளவையே. ஒரு கூடைத் தக்காளிக்காக ஒரு குடும்பத்தைக் கோர்ட்டில் நிறுத்துவது சிக்கனமன்று.

பன்றியைப் பற்றி 2025 ஜனவரியில் தமிழ்நாடு சர்க்கார் ஒரு முறையை வகுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடுவதற்கு இடமில்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை, பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பாலேயே சுடுதல் உண்டு. அதனையும் வனத்துறையினரே செய்வர். குடியானவர் செய்யத்தக்கது, சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரின் சான்றுடன் வனத்துறைக்கு நிவாரண மனு கொடுப்பதே.

இன்னொன்றும் உண்டு, இதனைப் பலர் அறியார். வனவிலங்குச் சரணாலயத்தின் உள்ளேயோ, அதனைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள்ளேயோ வசிப்பவர், உரிமம் வேண்டாத ஆயுதம் வைத்திருந்தாலும், தம் பெயரை வன அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. கிருஷ்ணகிரி ஜில்லாவிற் காவேரி வடக்குச் சரணாலயம் 2014-லும், காவேரி தெற்குச் சரணாலயம் 2022-லும் ஏற்பட்டன. உங்கள் ஊர் அவ்வெல்லைக்குள் அடங்குமா என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே பணத்தைக் கொடுக்கவும். காப்புக்காட்டிற்குள் இத்துப்பாக்கியுடன் நுழைவது எவ்வகையாலும் கூடாது. விறகெடுக்கச் செல்லும்போது தோளில் மாட்டிச் செல்வதும் அதிலடங்கும்.

3. மூவகைத் துப்பாக்கிகள்

முதல் வகை ஸ்பிரிங் துப்பாக்கி. குழலைப் பாதியில் மடித்துக் கீழே இழுத்தால் உள்ளிருக்கும் வலிய ஸ்பிரிங் அமுங்கி நிற்கும். விசையை அழுத்தியவுடன் ஸ்பிரிங் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனின் முன்னுள்ள காற்று நெருங்கிக் குண்டை வெளியே செலுத்தும். சைக்கிள் பம்பின் வாயை அடைத்து ஓங்கி அழுத்துவது போன்றதே இது. இதற்கு வேறு சாதனம் வேண்டியதில்லை. குண்டு மட்டும் போதும். குறைந்த விலையில் கிடைப்பதும், பழுதானால் எளிதிற் சீர்செய்யத் தக்கதும் இதுவே.

இரண்டாம் வகை கரியமிலவாயுக் குப்பியால் இயங்குவது. சிறு குப்பிகளை அடிக்கடி வாங்க வேண்டும். குளிர் மிகுந்த நாளில் இதன் வேகம் குறையும். ஓசூர்ப் பக்கத்து மார்கழிக் குளிரை நினைவிற் கொள்க.

மூன்றாம் வகை, காற்றை முன்னரே அடைத்து வைக்கும் குடமுள்ளது. குறி மிக நன்றாயிருக்கும், அதிர்ச்சி இல்லை. ஆனால் சைக்கிள் டயரிலுள்ள காற்றைப்போற் பல மடங்கு, சுமார் 200 வளிமண்டல அழுத்தம் வரை, அடைக்கும் தனிப் பம்பும் வேண்டும். விலையும் முதல் வகையைவிடப் பன்மடங்கு ஆகும். முதன்முறை வாங்குவோர்க்கு இது வேண்டாம்.

4. விளம்பரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தல்

துப்பாக்கி விற்போர் ஜூலைப் பெரும்பாலும் கூறுவதில்லை. "நொடிக்கு ஆயிரம் அடி வேகம்" என்று வேகத்தையே பெருமையாகக் கூறுவர். நம் அங்கத்தினர்கள் வட்டிக் கணக்கிற் தேர்ந்தவர்கள். இக்கணக்கும் அவர்களுக்குக் கடினமன்று. குண்டின் எடையைக் கிலோவிற் குறித்து, வேகத்தை மீட்டரிற் குறித்து, வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, எடையாலும் பெருக்கிப் பாதியாக்கினால் ஜூல் வரும். அரை கிராம் குண்டு நொடிக்கு 200 மீட்டர் சென்றால் 10 ஜூல். அதே குண்டு 283 மீட்டர் சென்றால் 20 ஜூல். ஆயிரம் அடி என்பது சுமார் 305 மீட்டர். அக்கணக்கில் 23 ஜூலுக்கு மேல் ஆகிறது. ஆகவே ஆயிரம் அடி என்று கூறப்படும் துப்பாக்கி, ஒன்று இலேசான குண்டைக் கொண்டு அளக்கப்பட்டதாயிருக்க வேண்டும், அல்லது சட்ட வரம்பைக் கடந்ததாயிருக்க வேண்டும். எழுத்து மூலமாக ஜூல் அளவைக் கேட்டு வாங்குக. கொடுக்க மறுக்கும் கடையிலிருந்து திரும்பி வந்துவிடுக.

வேகம் மிகுவதால் கொல்லையிற் பயன் மிகுவதில்லை. ஒலியின் வேகத்தை நெருங்கும் குண்டு தன் வழியில் நிலைகுலைந்து குறி தவறும். 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவிற்குத் தனிநபர்ப் போட்டியின் முதல் தங்கப்பதக்கத்தை வென்றது, பத்து மீட்டர்க் காற்றுத் துப்பாக்கிப் போட்டியிலேயே. அப்போட்டிக்குரிய துப்பாக்கியும் 4.5 மில்லிமீட்டர்க் குழலுள்ளதே. அங்கு இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அளவே. உலகப் போட்டிக்கே போதுமான குழல் நம் மாட்டுத் தொழுவத்திற்குப் போதாதோ?

5. கடையிற் சோதிக்கும் முறை

முதலாவது, தோளில் வைத்துப் பார்க்கவும். பின்கட்டை நீளமாயிருந்தால் கழுத்து நோகும். மூன்று கிலோவுக்கு மேற்பட்டால் கை நடுங்கும். குழலை மடித்து இழுக்கும்போது உங்கள் முழு வலிமையும் செலவாகுமாயின் அத்துப்பாக்கி உங்களுக்கன்று.

இரண்டாவது, குழலை மூடியபின் மடியும் இடத்தைப் பிடித்து அசைத்துப் பார்க்கவும். ஆட்டம் இருந்தால் விலக்குக. குழலின் வாய் விளிம்பில் வடுவோ நசுக்கமோ இருந்தாலும் விலக்குக. குண்டு வெளியேறும் கடைசி இடம் அதுவாதலின், அங்குள்ள சிறு பழுதும் குறியைக் கெடுக்கும்.

மூன்றாவது, பாதுகாப்புப் பூட்டு வேலை செய்கிறதா என்பதைக் கடைக்காரர் முன்னிலையிற் பார்க்கவும். குண்டில்லாமல் ஸ்பிரிங்கை விடுவித்துப் பார்க்கலாகாது. பிஸ்டன் வெறுமனே மோதிச் சேதமடையும்.

நான்காவதே முக்கியமானது. கடையிற் சுட்டுப் பார்க்க இடமிருந்தால், பத்து மீட்டரில் மணல் மூட்டையின் மேல் துப்பாக்கியைத் தாங்க வைத்து ஐந்து குண்டு சுடவும். ஐந்தும் இரண்டு ரூபாய் நாணயத்தால் மறையும் அளவிற்குள் விழுந்தால் வாங்கலாம். எலியின் தலை ஓர் அங்குலமே. அதற்குள் விழாத குண்டு எலியைக் கொல்லாது; காயப்படுத்திப் பொந்திற் கிடந்து வருந்தச் செய்யும். அது பாவம், வீட்டிற்குத் துர்நாற்றமும் ஆகும்.

தொலைநோக்கி முதலில் வேண்டாம். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னுமாக அதிரும். மலிவான தொலைநோக்கி அவ்வதிர்ச்சியிற் சில நூறு குண்டுகளுக்குள் கெட்டுவிடும். இரும்புக் குறிமுள்ளே போதும். குண்டுகளில் தட்டைத் தலையுள்ளது பழகுவதற்கும், உருண்டைத் தலையுள்ளது கொல்லைக்கும் ஏற்றவை. ஈயம் நஞ்சாதலின் குண்டைத் தொட்டபின் கை கழுவாமல் உணவைத் தொடலாகாது; குண்டை வாயிற் கவ்விக்கொள்ளும் வழக்கத்தை அறவே விடுக.

6. செலவுக் கணக்கு

துப்பாக்கியும் குண்டும் சேர்ந்து 10,000 ரூபாய் என்றும், நல்ல கூண்டுப் பொறி ஒன்று 200 ரூபாய் என்றும் உதாரணமாக வைத்துக்கொள்வோம். இவை கணக்கு முறையைக் காட்டுவதற்கே எடுத்த எண்கள். உங்கள் ஊர்க் கடை விலையை விசாரித்து அவ்விடத்திற் போட்டுக்கொள்க. ஒரு துப்பாக்கியின் விலைக்கு ஐம்பது பொறிகள் வருகின்றன. பத்து வீட்டிற்கு ஐந்தைந்து. பொறி இரவெல்லாம் விழித்திருக்கும், கூலி கேளாது, பக்கத்து வீட்டாரைக் காயப்படுத்தாது. எலி ஒரு வீட்டில் விரட்டினால் மறுவீட்டிற்குச் செல்வதாதலின், தெரு முழுவதும் ஒரே வாரத்திற் பொறி வைப்பதே பயன் தரும். ஆகவே பொறி சங்கத்தின் மூலம் பொதுவில் வாங்கத்தக்கது. துப்பாக்கியோ பொதுவில் வாங்கத்தகாதது. பலருக்கு உரியதாயின் ஒருவரும் பொறுப்பேற்கமாட்டார். அது கைமாறிக் கைமாறி ஒருநாள் சிறுவர் கையிற் போய்ச் சேரும்.

பயிர்க் கடனாகப் பெற்ற பணத்திலிருந்து இதற்கு எடுப்பது கூடவே கூடாது. விதைக்கும் எருவிற்கும் கொடுத்த பணம் அவற்றிற்கே செல்ல வேண்டும்.

7. ஜாக்கிரதை

இவ்விடத்தில் என் சொந்தப் பிழையொன்றைக் கூற வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் மாமனார் வீட்டுக் கொல்லையில், கருங்கல் மதிலின்மீது ஓடிய எலியொன்றைச் சுட்டேன். குறி தவறியது. குண்டு கல்லிற் பட்டுத் திரும்பி, என் பின்னே பக்கவாட்டில் நின்றிருந்த மைத்துனர் மகனின் புருவத்தைக் கீறிச் சென்றது. குழந்தைக்கு அப்போது ஏழு வயது. அரை அங்குலம் தாழ்ந்திருந்தால் அவன் கண் போயிருக்கும். எலியோ தப்பியோடிவிட்டது. அன்று முதல் நான் கீழ்க்காணும் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். பாறையும் கருங்கல் வேலியும் நிறைந்த நம் பக்கத்திற்கு அவை பெரிதும் பொருந்துவன.

குண்டு நின்றுபோகும் இடத்தைப் பார்க்காமல் விசையைத் தொடாதே. மண்சுவர், மணல் மூட்டை ஆகியவை குண்டை விழுங்கும். கல், இரும்பு, தண்ணீர், வழவழப்பான மரம் ஆகியவை திருப்பி அனுப்பும்.

மேல்நோக்கிச் சுடாதே. தவறிய குண்டு இருநூறு மீட்டருக்கும் அப்பாற் செல்லும். அங்கே ஒருவரின் பசுமைக்குடிலும் தண்ணீர்த் தொட்டியும் சொட்டுநீர்க் குழாயும் மட்டுமல்ல, மனிதரும் இருக்கலாம்.

குழல் மடிந்திருக்கையிற் குண்டை இடும்போது மற்றக் கையால் குழலை விடாமற் பிடித்துக்கொள். அது திடீரென்று மூடினால் விரல் துண்டிக்கப்படும்.

ஸ்பிரிங்கை இழுத்து வைத்தபடியே துப்பாக்கியைச் சாய்த்து வைக்காதே. பிஸ்டன் அறைக்குள் கண்ட எண்ணெயை ஊற்றாதே. அது உள்ளே தீப்பற்றி வெடிக்கும்.

வேலை முடிந்தபின் துப்பாக்கி ஒரு பூட்டிலும் குண்டு வேறொரு பூட்டிலும் இருக்கட்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் கையில் பெரியவர் துணையின்றிக் கொடாதே. தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகிய மூன்றும் வழங்கும் நம் வீடுகளில், எம்மொழியில் பேசும் குழந்தைக்கும் இவ்விதி அதன் மொழியிலேயே விளங்கச் சொல்லப்பட வேண்டும்.

சகோதரர்களே, இவ்வளவையும் படித்தபின் உங்களிற் சிலர் துப்பாக்கி வேண்டாம் என்று தீர்மானிக்கலாம். அவர்கள் நஷ்டமடையப் போவதில்லை. வாங்கத் தீர்மானிப்பவர், முதலில் வனச்சரக அலுவலகத்திற்கும், பிறகு பொறி விற்கும் கடைக்கும், கடைசியாகத் துப்பாக்கிக் கடைக்கும் செல்வாராக. அடுத்த சங்கக் கூட்டத்தில், தெருவிற்கு எத்தனை பொறி தேவை என்று எண்ணி ஒரு ஜாபிதா தயாரித்தால், அடுத்த கேழ்வரகு அறுவடைக்கு முன்னரே அவற்றை வாங்கிக் கொடுக்க இயலும். அந்த ஜாபிதாவை நான் அடுத்த முறை வரும்போது காண விரும்புகிறேன்.